வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை

சுதந்திர தினத்தன்று எந்த மாவட்டத் தலைநகருக்குப் போனாலும் சாரணர்களைப் பார்க்கலாம். ஆயுதப்படை மைதானத்தில் கொடிமேடைக்குப் பக்கவாட்டில் காலை ஏழு மணிக்கே வந்து வரிசை கட்டி நிற்பார்கள். பள்ளி ஆண்டு விழா என்றால் சிறப்பு விருந்தினரின் கார் நிற்கும் இடத்திலிருந்து மேடை வரை இருபுறமும் நின்று கைதட்டுவார்கள். தேர்த் திருவிழா வந்தால் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள். இதெல்லாம் சேவைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே பள்ளிக்கு ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை பிற்பகல் போய், “சாரணர் கூட்டம் எங்கே நடக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். அலுவலக உதவியாளர் பி.டி. வாத்தியாரைக் கைகாட்டுவார். பி.டி. வாத்தியார் தமிழாசிரியரைக் கைகாட்டுவார். தமிழாசிரியர், “போன வருஷம் வரைக்கும் ஒரு சார் பார்த்துக்கிட்டு இருந்தாரு, அவர் மாறுதல்ல போயிட்டாரு” என்பார். ஸ்கார்ஃப்கள் பீரோவில் இருக்கும். பீரோ சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கும்.

ஒரு சாரணர் படைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அணிவகுப்பையோ சான்றிதழ் எண்ணிக்கையையோ பார்த்துப் பயனில்லை. வாரா வாரம் கூடுகிறதா, கூடினால் அந்தக் கூட்டத்தில் என்ன செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் முடிவு செய்தால் அது சாரணர் படை. ஆசிரியர் முடிவு செய்தால் அது சீருடை மாற்றிய இன்னொரு வகுப்பு. பல ஆண்டுகள் சாரண ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதைச் சற்றுக் கறாராகவே சொல்கிறேன்.

2025 ஜனவரி கடைசியில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடாரம் போட்டுத் தங்கினார்கள். மொழி தெரியாத பையனோடு பேட்ஜ் மாற்றிக்கொள்வதும், பக்கத்துக் கூடாரத்தில் என்ன சமைக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதும் அந்த வயதில் பெரிய விஷயம். அரசும் அதற்குத் தாராளமாகச் செலவு செய்தது. நல்லது. பெருந்திரளணி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். திரும்பி வந்த பையனுக்குத் தன் பள்ளியில் அடுத்த வெள்ளிக்கிழமை என்ன இருந்தது? பெரும்பாலான இடங்களில் ஒன்றுமில்லை. அடுத்த அழைப்பு சுதந்திர தின ஒத்திகைக்கு வந்திருக்கும்.

வாரக்கூட்டம் ஏன் நடப்பதில்லை என்பதற்கு ஆசிரியர்களைத் திட்டிப் புண்ணியமில்லை. எமிஸ் பதிவு, தேர்வுத்தாள், நலத்திட்டப் பொருள் விநியோகம், பயிற்சி வகுப்பு என்று இருக்கிற வேலைக்கு மேல் சாரணப் பொறுப்பு கூடுதலாகத் தலையில் ஏறுகிறது. அதற்காகப் பாடவேளை எதுவும் குறைவதில்லை. பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு. மற்ற வகுப்புகளில் கடைசி மணி அடித்ததும் கிராமத்துப் பிள்ளைகள் இலவச பஸ் பாஸோடு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ் இருட்டின பிறகுதான். சாரணியராக இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். ஒருநாள் தாமதமாக வீடு போனால் மறுவாரம் அப்பா அனுப்ப மாட்டார். சனிக்கிழமை வைத்தால் மதிய உணவு கிடையாது. காலை உணவுத் திட்டமோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புச் சாரணன் சனிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பையன் அணியில் இருந்தால் கூட்டத் திட்டத்தில் முதல் வரி சுண்டல் என்றுதான் இருக்க வேண்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைதான் சரிப்பட்டு வரும். சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒரு வாரக்கூட்டத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை, அதற்குக் குறைந்தால் போதாது. அந்த நேரத்தைக் கால அட்டவணையில் எழுதி வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில்தான் சூட்சுமம்.

1907 ஆகஸ்டு முதல் வாரத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இருபது சொச்சம் பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்திப் பார்த்தார். ராணுவத்தில் ஒற்றறிதல் சொல்லிக்கொடுத்துப் பழகியவர் அவர். ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களையும், பக்கத்து ஊர்களான பூல், போர்ன்மத் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, அண்டங்காக்கை, நீள அலகுள்ள ஒரு கரைப்பறவை என்று நான்கு பெயர்கள். ஒவ்வொரு அணிக்கும் பையன்களில் ஒருவனே தலைவன். இரவுக் காவலுக்கும் அணிகள் முறை வைத்துப் போயின. (நம்மூரில் அணிக்குப் பெயர் வைக்கச் சொன்னால் நான்கு அணியும் சிங்கம், புலிக்குத்தான் அடித்துக்கொள்ளும். காக்கை அணி என்று ஒருவனும் ஒப்புக்கொண்டதில்லை. ஊரில் கூடி உண்ணத் தெரிந்த பறவை அதுதான் என்று எடுத்துச் சொன்னாலும் எடுபடவில்லை.)

மறு ஆண்டு அவர் எழுதிய புத்தகம் உலகமெல்லாம் பரவியது. அவர் பேரரசின் ஆள், அந்தப் புத்தகத்தில் அந்த வாடை நிறையவே உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அணி முறை என்ற ஒன்றை அவர் பிடித்தார் பாருங்கள், அது பேரரசு போன பிறகும் நிற்கிறது. ஆறேழு பேர், அவர்களுக்குள் ஒருவன் தலைவன், அவன் மேல் பெரியவர்களுக்கு நிஜமான நம்பிக்கை. ரோலண்ட் பிலிப்ஸ் என்ற இளைஞர் 1914-ல் இதையே தனிப் புத்தகமாக எழுதினார். இரண்டே வருஷத்தில் முதல் உலகப் போரில் செத்தும்போனார். அவருடைய வாதம் எளிமையானது: அணி முறை என்பது சாரணப் படையை நடத்தும் பல வழிகளில் ஒன்று அல்ல, அது ஒன்றுதான் வழி. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் பள்ளிகளில் முதலில் கைவிடப்படுவது அதுதான். அணிகள் பதிவேட்டில் இருக்கும். தலைவன் பெயரும் இருக்கும். அவனுக்கு வேலைதான் இருக்காது, விசிலடித்தால் வரிசையின் முன்னால் நிற்பதைத் தவிர.

அவனுக்கு வேலை கொடுப்பது எப்படி? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை யோசிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், நான்கு அணித்தலைவர்களும் தட்டைக் கழுவிவிட்டு வந்து உட்கார வேண்டும். கோர்ட் ஆஃப் ஆனர் என்று இதற்குப் பெரிய பெயர் உண்டு. பெயருக்குப் பயந்து பல ஆசிரியர்கள் அதை வருஷத்துக்கு ஒருமுறை நடத்துகிறார்கள். இருபது நிமிஷம் போதும். ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா. ஆசிரியர் சற்றுத் தள்ளி, காதில் விழும் தூரத்தில் இருக்கட்டும்.

பேச்சு இப்படித்தான் போகும். “போன வாரம் மழை வந்து பாதியில விட்டதையே பண்ணலாம்.” “விளையாட்டுக்கு?” “கபடி.” “போன தடவையும் கபடிதான். எங்க அணியில எல்லாம் சிக்ஸ்த் பசங்க. தோத்துக்கிட்டே இருக்கோம்.” இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னவன் ஒன்பதாம் வகுப்புப் பையன், நல்ல கபடி ஆட்டக்காரன். தனக்குப் பிடித்த ஆட்டத்தைத் தன் அணியின் பொடியன்களுக்காக வேண்டாம் என்கிறான். குடிமையியல் பாடத்தில் பத்துப் பக்கம் நடத்தினாலும் வராத ஒன்று அங்கே வந்துவிட்டது. ஆசிரியர் செய்ய வேண்டியது ஒரு கேள்வி கேட்பது: “சின்னப் பசங்க ஜெயிக்கிற மாதிரி என்ன இருக்கு?”

ஒரு பதில், கிம் விளையாட்டு. கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலில் வரும் பயிற்சியைப் பேடன் பவல் விளையாட்டாக மாற்றினார். ஒரு துணிக்கு அடியில் இருபத்து நான்கு பொருட்களைப் பரப்ப வேண்டும். புளியங்கொட்டை, ஊக்கு, சாக்பீஸ் துண்டு, பஸ் டிக்கெட், சோடா மூடி, ஒரு வேப்பிலை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் ஆகும். ஒரு நிமிஷம் துணியை விலக்கிக் காட்டி மூடிவிட்டால், ஒவ்வொரு அணியும் நினைவிலிருந்து எழுத வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன்கள் இதில் ஒன்பதாம் வகுப்பை ஊதித் தள்ளுவார்கள். பஸ் டிக்கெட்டின் விலையைக்கூட எழுதுகிறவன் இருப்பான். தோற்றே பழகிய அணி ஒருமுறை ஜெயித்தால் அந்த அணியின் வருகைப்பதிவு மறுவாரம் ஏறும்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்? எதைச் செய்வது, யார் நடத்துவது, எத்தனை நிமிஷம், என்ன பொருள் வேண்டும், அதை யார் கொண்டுவருவது. கடைசியாக, மழை வந்தால் என்ன. இந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் தாமாகக் கேட்கத் தொடங்கும் வாரத்தில் அந்தப் படை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சாரணரின் கொள்கை வாசகம் ‘தயாராயிரு’ என்பது. சுவரில் எழுதி வைத்ததால் எவனும் தயாரானதில்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இரண்டு கூட்டத்தைக் கலைத்த பிறகுதான் தயாராகிறான்.

ஒன்றரை மணி நேரத்தில் கொடியேற்றமும் பிரார்த்தனையும் சுத்தப் பரிசோதனையும் பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. நம் பள்ளிகளின் பெரிய வியாதி இங்கேதான் இருக்கிறது. அட்டென்ஷன், ஸ்டாண்டடீஸ் என்று அரை மணி நேரம் கரைந்துவிடும். சாரணம் ராணுவப் பயிற்சி அல்ல. அதற்கு என்.சி.சி. இருக்கிறது, அவர்கள் அதை நன்றாகவே செய்கிறார்கள். நகம் வெட்டியிருக்கிறானா என்று பார்ப்பதும் அணித்தலைவன் வேலை. சீருடை விஷயத்திலும் ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பு வரை பள்ளிச் சீருடை அரசு தருகிறது, சாரணச் சீருடையைத் தருவது எல்லா இடத்திலும் இல்லை. சட்டை வாங்க வழியில்லாத பையன் ஸ்கார்ஃப் மட்டும் கட்டி வரட்டும். முழுச் சீருடை இல்லை என்று வரிசையிலிருந்து வெளியே நிறுத்துகிற ஆசிரியர் ஒரு சாரணனை அன்றோடு இழக்கிறார்.

கொடி ஏறியதும் ஓட விட வேண்டும். மதியம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தவனை மறுபடி உட்காரச் சொல்லி எதையும் கற்பிக்க முடியாது. பத்து நிமிஷம் ஓடி, வேர்த்து, தண்ணீர் குடித்த பிறகு அணிகள் தத்தம் மூலைக்குப் போகும். ஒரு அணி வேப்பமரத்தடியில், ஒன்று மேடைப் படிக்கட்டில், ஒன்று குழாயடிக்குப் பக்கத்தில். வாரக்கூட்டத்தின் நெஞ்சு இந்த இருபது, இருபத்தைந்து நிமிஷம்தான். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ஆசிரியர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

கயிறும் முடிச்சும் எதற்கு, செல்போன் காலத்தில் இதைக் கற்று என்ன செய்யப்போகிறான் என்று பெற்றோர் கேட்பார்கள். பயன் இருக்கிறது. போலைன் என்ற முடிச்சு போட்டால் கண்ணி இறுகாது, கிணற்றில் விழுந்தவனின் இடுப்பைச் சுற்றி அதைப் போட்டுத் தூக்கலாம். ஆனால் முடிச்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. சரியாகப் போட்டால் நிற்கும், தப்பாகப் போட்டால் அவிழும். அரைகுறை மதிப்பெண் கிடையாது, வாத்தியார் தயவும் வேண்டாம். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டியும் வைக்கோல் கட்டை வண்டியில் இழுத்துக் கட்டியும் பழகிய பையனின் கைக்கு இந்த முடிச்சுகளில் சில ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவன் அங்கே வாத்தியாராகிவிடுவான். ஆங்கிலத்தில் நன்றாகப் படிக்கும் பையன் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, “இன்னொரு தடவ மெதுவா காட்றா” என்பான்.

அணி மூலையில் கற்றதை வைத்து அடுத்து ஒரு போட்டி நடக்கும். சவுக்குக் கம்பு மூன்று, கயிறு இரண்டு, கொடிக்கம்பம் ஒன்று நட்டுக் காட்ட வேண்டும் என்பது போல. பிறகு ஒரு பெரிய ஆட்டம். கடைசிப் பத்து நிமிஷம் வட்டமாக உட்கார்ந்து ஒரு கதை. கதை சொல்லத் தெரிந்த ஆசிரியருக்கு அந்த ஒரு இடம் உண்டு. கொடி இறக்கி, நாலரை மணிக்குப் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் இருக்க வேண்டும்.

இத்தனையும் எழுதியபடியே நடக்கும் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் நடத்தும் கூட்டம் சொதப்பும். ஒருமுறை கயிறு கொண்டுவருவதாகச் சொன்ன அணித்தலைவன் மறந்துவிட்டான். போட்டிக்கு எல்லோரும் தயாராக நிற்கிறார்கள், கயிறு இல்லை. சாவி என் பையில் இருந்தது, பீரோவில் கயிறும் இருந்தது. எடுத்துக் கொடுக்கக் கை துறுதுறுத்தது. கொடுக்கவில்லை. சத்தமும் திட்டுமாகச் சில நிமிஷம் போனது. பிறகு அதே பையன் தன் ஸ்கார்ஃபைக் கழற்றி அடுத்தவன் ஸ்கார்ஃபோடு சேர்த்து ரீஃப் முடிச்சு போட்டான். இன்னொருவன் அதைக் கழுத்தில் மாட்டிக் கையை உள்ளே நுழைத்து, “டேய், இதுதான்டா கை உடைஞ்சா கட்டுறது” என்றான். கம்பம் நடும் போட்டி முதலுதவிப் போட்டியாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை நோட்டில் ‘கயிறு’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். பீரோவைத் திறந்திருந்தால் அந்த இரண்டு கோடு வந்திருக்காது. சாரண ஆசிரியருக்கு வேண்டிய முதல் தகுதி சும்மா இருக்கத் தெரிவது. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பயிற்சி கிடையாது, அங்கே சும்மா இருந்தால் வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் என்று பெயர் வரும்.

பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? விட முடியாத இரண்டு இருக்கின்றன.

முதலாவது, எந்த அணியில் யார் என்பது. “உங்களுக்குப் பிடிச்சவங்களோட சேர்ந்து அணி பிரிங்க” என்று சொல்லிப் பாருங்கள். பல ஊர்களில் ஐந்தே நிமிஷத்தில் தெருவாரியாகப் பிரிந்து நிற்பார்கள். தெரு என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றது. எல்லாச் சமூகத்து மாணவர்களும் சேர்ந்த, சீருடையுள்ள சமூகநீதி மாணவர் படை ஒன்றை உருவாக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. புதுப் படை வரட்டும். ஆனால் கையில் இருக்கும் கயிற்றைக் கழற்றச் சொல்கிற நாம், கழுத்தில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒன்றைக் கட்டும் பழைய படை ஒன்று ஏற்கெனவே நம் பள்ளிகளில் இருப்பதை மறந்துவிடக் கூடாது. அதை ஒழுங்காக நடத்தினாலே பாதிக் காரியம் ஆகும்.

ஒழுங்காக என்றால், அணியில் கலந்து போடுவது ஆசிரியரின் பிடிவாதமாக இருக்க வேண்டும். பேடன் பவலே பிரவுன்சீயில் யாரை எந்த அணியில் போடுவது என்பதைப் பையன்களிடம் விடவில்லை. முகாமில் அணி அணியாகச் சமைக்க வேண்டும், ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட வேண்டும். சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதால் 1920களில் தமிழக அரசியலின் போக்கே மாறியது. அந்த வரலாறு உள்ள நாட்டில் முகாம் சமையல் வெறும் சமையல் அல்ல. எங்கள் வீட்டுப் பையன் அங்கே சாப்பிட மாட்டான் என்று சொல்லும் பெற்றோர் இன்றும் வருவார்கள். வாதம் செய்து ஜெயிக்க முடியாது. “அப்படின்னா முகாமுக்கு அனுப்ப வேணாம்” என்று மட்டும் சொல்லலாம். பெரும்பாலும் பையன் அழுது சாதித்து வந்துவிடுவான்.

இந்த இயக்கம் இங்கே பிறந்த கதையிலேயே விலக்கிவைத்தல் இருக்கிறது. இந்தியாவில் சாரணம் முதலில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியிருந்ததால் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் 1916-17 வாக்கில் சென்னையில் அவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டிய சாரணர்கள் அவர்கள். வடக்கே மாளவியாவும் குன்ஸ்ருவும் இதே காரணத்துக்காகச் சேவா சமிதி சாரணர்களைத் தொடங்கினார்கள். பேடன் பவல் 1921-ல் வந்து போனபோது பெசன்ட்டின் சங்கம் அவருடைய சங்கத்தோடு இணைந்தது. எல்லாம் ஒன்றாகி பாரத சாரணர் சாரணியர் இயக்கம் ஆனது 1950 நவம்பர் 7 அன்று. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கட்டிய வீடு அது, உள்ளே மறுபடி தெருவாரியாகத் தடுப்பு வைக்க அதில் இடமில்லை.

விட முடியாத இரண்டாவது, பாதுகாப்பு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்ட கொடுமை வெளிவந்தது. சீருடையும் விசிலும் இருந்தால் யாரையும் உள்ளே விடும் பழக்கத்துக்குக் கிடைத்த பலன் அது. பயிற்சியாளர் என்று யார் வந்தாலும் மாவட்ட சாரண அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கும் நிலை கூட்டத்திலோ முகாமிலோ வரவே கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். சாரணியர் இருந்தால் ஆசிரியை கட்டாயம். இதில் சலுகையும் இல்லை, அணித்தலைவர்களிடம் கலந்தாலோசனையும் இல்லை.

இனி சான்றிதழுக்கு வருகிறேன். பிரவேஷில் தொடங்கி மூன்று சோபான்களைத் தாண்டி ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேல் ஜனாதிபதி விருது என்று ஒரு ஏணி இருக்கிறது. ஏணி நல்லதுதான். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க இந்த விருதுகள் உதவும் என்பதும் ஏழை வீட்டுக்குச் சின்ன விஷயம் அல்ல. ஆனால் வாரக்கூட்டமே நடக்காத பள்ளியிலிருந்து வருஷா வருஷம் ராஜ்ய புரஸ்காருக்கு ஆள் போவது எப்படி? தேர்வு முகாமுக்கு ஒரு மாதத்துக்கு முன் பொறுக்கி எடுத்த நாலு பேரை உட்கார வைத்து முடிச்சுகளை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். லாக் புக் ஒரே ராத்திரியில் எழுதி முடியும். வருஷம் முழுக்க நடந்ததாகச் சொல்லும் சேவையெல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். நீட் பயிற்சி மையத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கூடாரம் ஒன்றுதான். அந்த நாலு பேரில் எவனும் ஒரு சின்னப் பையனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டான், சொல்லிக்கொடுக்க அவனுக்கு ஒரு அணியே இருந்திருக்காது.

பள்ளிக் கல்வித் துறை செய்யக்கூடியது அதிகச் செலவு பிடிக்கும் காரியம் அல்ல. சாரணப் படை பதிவு செய்துள்ள ஒவ்வொரு பள்ளியிலும் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையை ஆண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கி, அதைப் பொறுப்பாசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆசிரியர் மாறுதலில் போகும்போது படையும் கூடவே செத்துப்போகாமல் இருக்க, பள்ளிக்கு இரண்டு பேராவது பேசிக் கோர்ஸ் முடித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் போனதும் பையன் காணாமல்போவான் என்பது தெரிந்த விஷயம், ஆகவே எட்டாம் வகுப்பிலேயே துணைத்தலைவர்களைத் தயார் செய்ய வேண்டும். வரவேற்புக்கும் பந்தோபஸ்துக்கும் சாரணர்களைக் கூப்பிடும் அதிகாரிகள், பள்ளி நாளில் அரை நாளுக்கு மேல் கூப்பிடுவதில்லை என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் புண்ணியமாகப் போகும்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் இப்போது சாரணப் பதிவேட்டையும் புகைப்பட ஆல்பத்தையும் கேட்கிறார்கள். இரண்டும் தயாராக இருக்கும். அவற்றுக்குப் பதிலாக அணித்தலைவர்களின் திட்ட நோட்டைக் கேட்கட்டும். உண்மையான நோட்டில் நாலு கையெழுத்து இருக்கும், ‘கிளோவ் ஹிட்ச்’ என்ற முடிச்சின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும், ஒரு பக்கத்தில் சாம்பார் கறை இருக்கும், மழையால் நடக்காத கூட்டமும் பதிவாகியிருக்கும். ஆசிரியர் ஆய்வுக்கு முந்தின நாள் உட்கார்ந்து எழுதின நோட்டில் எழுத்துப்பிழையே இருக்காது.